சத்தம் போடாத சக்கரம்

மாடிப்படியில் யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டதும் விசில் மேஜைமேல் போட்டிருந்த காலை இறக்கினான்.

"வர்றவர் நடுவுல ரெண்டு தடவை நின்னுட்டார், மேடம். ஒண்ணு மூட்டுவலி, இல்லேன்னா மனசு மாறுறார்."

"மூணாவது தடவை நின்னா நீயே போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வா" என்றார் மேடம்.

இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று எழுதிக்கொடுத்தவர் மேடம். அந்த வேலையை உதறிவிட்டு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இந்த ஒற்றை அறையைப் பிடித்துத் துப்பறிய உட்கார்ந்து ஆறு வருடம் ஆகிறது. விசில் பஸ் கண்டக்டராக இருந்தவன். வாய்த்துடுக்கால் வேலை போனது. பட்டப்பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயதிலும் அந்த வாய் அடங்கவில்லை.

வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என்று சொல்லிக்கொண்டார். உட்காராமல், சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார். ஒல்லியான ரேஸ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் சிரித்தாள்.

"என் பொண்ணு. போய் எட்டு மாசம் ஆச்சு."

விசில் நாற்காலியை நகர்த்திப் போட்டான். இப்போது உட்கார்ந்தார்.

"மரக்கடைச் சந்துலேருந்து ஒரு லாரியை ரிவர்ஸ்ல எடுத்திருக்காங்க. இவ இறக்கத்துல வந்துட்டிருந்தா. லாரிக்காரர் மேல எனக்குக் கோபம் இல்ல, மேடம். கோர்ட்ல நின்னு அழுதார். அது முடிஞ்சுபோச்சு. நான் வந்தது வேற விஷயம்."

"சொல்லுங்க."

"சைக்கிளை ஸ்டேஷன்லேருந்து கொடுத்து ஆறு மாசம் ஆகுது. துணி போட்டு மூடி வாசல் நடையில வெச்சிட்டேன். பார்க்கத் தெம்பு இல்ல. முந்தாநாள்தான் துணியை எடுத்தேன். சக்கரம் ரெண்டும் அவளோடது இல்ல."

"மாறியிருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?"

"நான் கண்ணாடி போடறவன், மேடம். கால் பாயிண்ட் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் என் பொழப்பு. போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் புதுச் சக்கரம் போட்டா. கடைக்குக் கூடவே போனேன். ஒன்றரை வருஷமா ஆசைப்பட்டது. இப்போ நிக்கிற சக்கரம் அதுக்கு முன்னாடி இருந்த பழசு."

மேடம் போட்டோவை இன்னும் கையில் வைத்திருந்தார்.

"ரோட்டுல கூட்டமா நின்னவங்களா, ஸ்டேஷன்லயா, ஆஸ்பத்திரி வாசலா, எனக்குத் தெரியாது. செத்துக் கிடந்தவளோட சைக்கிள்லேருந்து சக்கரத்தைக் கழட்ட ஒருத்தனுக்கு மனசு வந்திருக்கு. அவன் மூஞ்சியை ஒரு தடவை பார்க்கணும்."

"பார்த்து?"

"கையை ஒடிப்பேன்" என்றார், வாழ்நாளில் யாரையும் கைநீட்டி அடிக்காத மனிதரின் குரலில்.

அவர் இறங்கிப்போன பிறகு விசில் தலையைச் சொறிந்தான்.

"ஒரு சந்தேகம், மேடம். திருடன் புதுச் சக்கரத்தைக் கழட்டறான், சரி. அவங்களோட பழைய சக்கரத்தையே எங்கேருந்தோ எடுத்து மாட்டிட்டுப் போறானே. கொடியில கிடக்கிற சட்டையைத் திருடறவன், பீரோவைத் திறந்து அவங்களோட பழைய சட்டையைத் தேடி எடுத்துக் காயப்போட்டுட்டுப் போவானா?"

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன். வா, முதல்ல சட்டை தைச்சவரைப் பார்க்கலாம்."

சைக்கிள் கடைக்காரர் ஒரு சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிக் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டிருந்தார். போட்டோவைப் பார்த்ததும் கை நின்றது.

"ஐயோ, இந்தப் பொண்ணா. நான்தான் சக்கரம் மாத்திக் கொடுத்தேன். எந்த ஹப்பு, எத்தனை கம்பின்னு எல்லாம் படிச்சிட்டு வந்து என்னையே கேள்வி கேட்டாங்க."

"ஹப்புல அப்படி என்ன விசேஷம்?" என்றார் மேடம்.

கடைக்காரர் அலமாரியிலிருந்து இரண்டு பின்சக்கரங்களை எடுத்தார். ஒன்றைச் சுழற்றினார். ஓசையே இல்லை. இன்னொன்றைச் சுழற்றினார். புதருக்குள் நூறு சில்வண்டுகள் ஒன்றாகக் கத்தியதுபோல் கடை முழுவதும் கிறீச்சிட்டது.

"சக்கரத்தோட நடுவுல இருக்கே, இதுதான் ஹப்பு. மிதிக்காம விட்டாலும் சக்கரம் ஓடுதில்ல, அப்போ உள்ள இருக்கிற பல்லு தட்டிட்டே வரும். பழைய ஹப்புல பல்லு கம்மி, கிரீஸ் ஜாஸ்தி, ஊமை மாதிரி ஓடும். அவங்க வாங்கினதுல பல்லு நெருக்கம். மிதிச்ச அடுத்த நொடி வண்டி பிடிச்சுக்கும். ஆனா சும்மா தள்ளிட்டுப் போனாலே தெருவுக்குக் கேக்கும்."

"எங்க பஸ்ல ஹாரன் தவிர எல்லாம் கேக்கும்" என்றான் விசில். "சாரை அப்பவே தெரிஞ்சிருந்தா ஹாரனையும் மாத்திக் கொடுத்திருப்பார்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. "அது மட்டும் இல்ல. புது ரிம்மு அகலம். பழசை விட ஆறு மில்லி அதிகம். அதனால பிரேக் கட்டை ரெண்டையும் தள்ளி வெச்சுக் கொடுத்தேன்."

மேடம் நிமிர்ந்தார். "பழைய சக்கரத்தை நீங்க வெச்சுக்கிட்டீங்களா?"

"இல்லையே. அவங்களே எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அதை மறுபடியும் அதே சைக்கிள்ல மாட்டினா?"

"மாட்டலாம். ஆனா பிரேக்கைத் திரும்பக் கிட்டக் கொண்டு வரணும். இல்லேன்னா பிடியை முழுசா அழுத்தினாலும் கட்டை சும்மா ரிம்மைத் தடவும், பிடிக்காது. சமதளத்துல எப்படியோ சமாளிக்கலாம். இறக்கத்துல..." கடைக்காரர் மறுபடியும் அந்தப் போட்டோவைப் பார்த்தார்.

வெளியே வந்து இரண்டு கடை தாண்டியதும் விசில் நின்றான்.

"மேடம், சக்கரத்தை எப்போ மாத்தினாங்கங்கிறதுதான் இப்போ கேள்வி."

"ஆமா. அவ விழுந்தப்புறம் மாத்தியிருந்தா திருட்டு. விழறதுக்கு முன்னாடி மாத்தியிருந்தா..."

"அந்தப் பெரியவர்கிட்ட இதைச் சொல்றதுக்கு வேற ஆளைப் பாருங்க, மேடம். என்னால முடியாது."

கண்ணாடிக் கடைக்காரரின் வீடு குறுகலானது. தெருக்கதவுக்குப் பின்னால் நீளமான நடை, நடையின் கோடியில் சமையலறை, பக்கத்தில் மாடிப்படி. சுவரோரம் சைக்கிள் நின்றது. கைப்பிடி ஒருபக்கம் வளைந்திருந்தது. முன்சக்கரம் நெளிந்து, கம்பிகள் நாலைந்து பிதுங்கி நின்றன. மேடம் குனிந்து பின்சக்கரத்தை மெல்ல உருட்டிப் பார்த்தார். ஓசை இல்லாமல் உருண்டது. டயரின் மேல் ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. பிறகு பிரேக்கைப் பார்த்தார். எழுந்தார்.

அந்தப் பெண்ணின் அம்மா சமையலறை வாசலில் நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"உக்காருங்கம்மா. டீ போடவா?"

"வேண்டாம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கஷ்டமா இருந்தா சொல்ல வேண்டாம். அன்னிக்குக் காலைல உங்க பொண்ணு கிளம்பினதைப் பார்த்தீங்களா?"

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"இல்லம்மா. அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. அன்னிக்கு அவளுக்கு லீவு. தூங்கட்டும்னு விட்டுட்டேன். அஞ்சு மணிலேருந்து இதோ இங்கதான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்னு வேலை பார்த்திட்டிருந்தேன். ரெண்டு வாரமா அவ சைக்கிளைத் தள்ளிட்டு நடையில போனா வீடே எழுந்துக்கும், அப்படி ஒரு சத்தம். திட்டுவேன்கூட. அன்னிக்கு அந்தச் சத்தம் கேக்கவே இல்ல. ஆறரைக்கு எழுப்பப் போனா படுக்கை காலி. அவ வேலை பார்க்கிற லேப்ல யாரோ வரலைன்னு ஃபோன் பண்ணிக் கூப்பிட்டிருக்காங்க, இவ போயிருக்கா. சத்தம் கேட்டிருந்தா ஓடி வந்து ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டுப் போடின்னிருப்பேன்."

கண்ணாடிக் கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். எட்டு மாதமாகத் தன்னிடம்கூடச் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

விசில் மேடத்தின் காதருகே வந்தான். "கிளம்பும்போதே சத்தம் இல்ல. அப்போ..."

மேடம் கையமர்த்தினார். "வீட்ல வேற யார் இருக்கீங்க?"

"பையன். மாடி ரூம்ல இருக்கான்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "பேக்கரில விடியக்காலை வேலை. மத்தியானம் வந்து படுத்துடுவான். அக்கா போனதுலேருந்து பேச்சே இல்ல."

"அவனும் சைக்கிள் ஓட்டுவானா?"

"அவளுக்குக் கத்துக்கொடுத்ததே அவன்தான்" என்றாள் அம்மா.

மாடி அறையில் பையன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயது. முழங்கையில் மாவு ஒட்டியிருந்தது. மேடம் யாரென்று விசில் சொன்னதும் எழுந்து நின்றான்.

அறையில் கட்டில் ஒன்று. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. தலையணையும் போர்வையும் எதிர்ச்சுவரோரம் தரையில் கிடந்தன. சுவரில் ஒரு கொக்கியில் அவன் சைக்கிள் தொங்கியது. இரண்டு டயரிலும் காற்று இல்லை, இருக்கைமேல் தூசி.

"ஓட்டறதில்லையா, தம்பி?"

"இல்ல."

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா."

"எட்டு மாசமா" என்றான் விசில், தூசியை விரலால் இழுத்துப் பார்த்து. "இதுல விதை போட்டா முளைக்கும்."

மேடம் தொங்கிய சைக்கிளின் பிரேக்கில் சுண்டுவிரலை நுழைத்தார். ரிம்முக்கும் கட்டைக்கும் நடுவில் விரல் தாராளமாகப் போய்வந்தது. மறுபக்கமும் அப்படியே.

"உன் ரிம்மு ஒல்லி. ஆனா பிரேக்கு அகல ரிம்முக்கு வெச்ச மாதிரி விரிஞ்சு நிக்குது. இந்த சைக்கிள்ல கடைசியா ஓடினது வேற சக்கரம், தம்பி. அதைக் கழட்டினப்புறம் நீ பிரேக்கைத் தொடவே இல்ல. இந்த சைக்கிளையும் தொடல."

அவன் முழங்கையில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டினான்.

"அந்தக் கட்டில்ல ஏன் படுக்கிறதில்ல?"

பையனின் கண் கட்டிலுக்கு அடியில் போய்த் திரும்பியது. விசில் மண்டியிட்டுப் பார்த்தான். போர்வையில் சுற்றிய இரண்டு வட்டங்கள்.

"அக்காவோடது" என்றான் பையன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு உடைந்துபோனான். "ரெண்டு தடவை கேட்டேன், மேடம். மாவட்டப் பந்தயம், ஒரே ஒரு நாள் குடுன்னு. நானே இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டல, உனக்கென்னடான்னா. முந்தின நாள் சாயங்காலம் அவ லேப்ல இருந்தப்போ மாத்திட்டேன். மறுநாள் பந்தயம். அவளுக்கு லீவு. வெளிய போகவே மாட்டா, மத்தியானத்துக்குள்ள கொண்டுவந்து மாட்டிடலாம்னு நெனச்சேன். சைக்கிள் மொட்டையா நிக்கக்கூடாதேன்னுதான் பழசை மாட்டினேன். பிரேக்கை அப்படியே விட்டுட்டேன். யாரும் ஓட்டப் போறதில்லைன்னு..."

"காலைல நீ எத்தனை மணிக்குக் கிளம்பினே?"

"நாலரைக்கு. சத்தம் கேக்கக் கூடாதுன்னு சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டுப் போனேன். திரும்பி வந்தப்போ வீட்டு வாசல்ல கூட்டம்." முகத்தை மூடிக்கொண்டான். "லாரிக்காரர் கோர்ட்ல சொன்னார். அந்தப் பொண்ணு நிக்கவே இல்லைன்னு. எப்படி நிப்பா? நான்தான் பிரேக்கைத் தளர்வா விட்டேனே. லாரி இல்ல மேடம், நான்தான்."

படியில் பலகை கிறீச்சிட்டது. வாசலில் கண்ணாடிக் கடைக்காரர் நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. ஆனால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கீழ வா, தம்பி" என்றார் மேடம். "சார், நீங்களும் வாங்க. இன்னும் முடியல."

நடைக்கு வந்ததும் பையன் சைக்கிளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். ஆறு மாதமாகப் பின்வாசல் வழியாகவே போய்வருகிறான் என்று பிறகு அம்மா சொன்னாள்.

"இங்க பாரு" என்றார் மேடம். "பிரேக்கு மேல கேபிள் நுழையற இடத்துல ஒரு சின்னத் திருகு இருக்கே, அது எதுக்கு?"

பையன் கண்ணைத் துடைத்தான். "கட்டையைக் கிட்டக் கொண்டுவர. கையாலயே திருகலாம்."

"நீ திருகினியா?"

"இல்ல. சொன்னேனே, நான் எதையும் தொடல."

"கடைக்காரர் திருகியிருப்பாரா?"

"அவர் எதுக்கு? அவர் தளர்த்தில்ல கொடுத்தார்."

"அப்போ இதைப் பாரு."

பையன் குனிந்தான். முன்பிரேக், பின்பிரேக் இரண்டிலும் அந்தத் திருகு கடைசி மரை வரைக்கும் வெளியே வந்து நின்றது. பின்பிரேக்கில் கட்டை இரண்டும் ரிம்முக்கு மயிரிழை தூரத்தில் இருந்தன.

"நீயும் தொடல, கடைக்காரரும் தொடல. மிச்சம் ஒரே ஒரு ஆள்தான். அவ இந்த நடையில சைக்கிளை எடுத்திருக்கா. சத்தம் வரல. குனிஞ்சு பார்த்திருக்கா, சக்கரம் மாறியிருக்கு. எடுத்தது யாருன்னு அவளுக்குத் தெரியாதா? பிரேக்கை அழுத்திப் பார்த்திருக்கா. ரெண்டு திருகையும் கடைசி வரைக்கும் திருகிட்டுத்தான் தெருவுல இறங்கியிருக்கா."

"ஆனா நிக்கலைன்னு..."

மேடம் பின்சக்கரத்தை உருட்டினார். டயரில் ஓரிடம் மட்டும் தட்டையாகத் தேய்ந்து, ரப்பர் போய் உள்நூல் வெளியே தெரிந்தது.

"நீ மாட்டினப்போ இது இருந்ததா?"

"இல்ல. துடைச்சு, காத்து அடிச்சுத்தான் மாட்டினேன். இருந்தா தெரிஞ்சிருக்கும்."

விசில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் குரலில் கிண்டல் துளியும் இல்லை. "பதினாலு வருஷம் பஸ்ல இருந்தவன் சொல்றேன், தம்பி. பிரேக் பிடிக்காத வண்டி டயரை இப்படித் தேய்க்காது. சக்கரம் அப்படியே பூட்டிக்கிட்டு ரோட்டுல இழுத்தாத்தான் ஒரே இடத்துல இப்படித் தேயும். உங்க அக்கா பிடிச்ச பிடி சரியான பிடி. லாரி ரொம்பக் கிட்ட வந்துடுச்சு. எந்தச் சக்கரமா இருந்தாலும் அவ்வளவு தூரத்துல நின்னிருக்க முடியாது."

பையன் அந்தத் தேய்ந்த இடத்தில் கைவைத்தான். எடுக்கவே இல்லை. எட்டு மாதமாகச் சுமந்தது இறங்கியதும் நிம்மதி வரும் என்று மேடம் எதிர்பார்த்திருந்தால், அது வரவில்லை.

"தெரிஞ்சிருக்கு" என்றான். "நான்தான் எடுத்தேன்னு தெரிஞ்சிருக்கு. ஒரு ஃபோன் பண்ணித் திட்டியிருக்கலாமே. கெட்ட வார்த்தையில ஒரு மெசேஜாவது போட்டிருக்கலாமே. ஏன் ஒண்ணும் சொல்லாமப் போனா?"

மேடம் விசிலைப் பார்த்தார். விசில்தான் சொன்னான்.

"பந்தயத்துக்கு முன்னாடி வேண்டாம், சாயங்காலம் திட்டிக்கலாம்னு வெச்சிருப்பா, தம்பி."

அப்போதுதான் கண்ணாடிக் கடைக்காரர் நகர்ந்தார். மூன்றே எட்டில் வந்து மகன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். நடை முழுவதும் அந்தச் சத்தம் கேட்டது. இரண்டாவது அடிக்குக் கை உயர்ந்தது. உயர்ந்த கை இறங்கி அவன் தோளைப் பிடித்துக்கொண்டது. மெல்ல அவர் தரையில் சரிந்து அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எட்டு மாசமாடா" என்றார். "எட்டு மாசமா தனியா வெச்சுக்கிட்டு இருந்தியாடா."

மேடம் விசிலுக்குக் கண்ணைக் காட்டினார். இனி இந்த வீட்டில் அவர்களுக்கு வேலை இல்லை. இருவரும் சுவரோரமாக நழுவித் தெருக்கதவை அடைந்தார்கள்.

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. அழுகை இல்லாத, சாதாரணக் குரல்.

"டேய். அன்னிக்குப் பந்தயத்துல எத்தனாவதுடா வந்தே?"

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவனிடம் கேட்டிருக்கவில்லை.

"மூணாவதும்மா."

"மூணாவதா!" என்றாள் அம்மா. "கேட்டிருந்தா தெரு பூராச் சொல்லிட்டு வந்திருப்பாளேடா உங்க அக்கா."